ஷ்ரைனர் குட்டிக் கார்: ஒன்பது வருடம் எட்டுப் போட்ட அனுபவம்

என் உயரம் ஆறடி, எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இந்த உடம்பை, என் இடுப்புக்கும் எட்டாத ஒரு சிவப்புக் காருக்குள் மடித்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சிற்றூர்களில், ஊர்வலத் தெருக்களில் ஒன்பது வருடமாக எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் வருட வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா, தலையில எதுக்கு பூந்தொட்டியக் கவுத்து வெச்சிருக்க?"

அந்தப் பூந்தொட்டியின் பெயர் ஃபெஸ். கறுப்புக் குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பி. ஷ்ரைனர் சங்கத்தின் அடையாளமே அதுதான். ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்த மேசன்களுக்குள் கொஞ்சம் சிரிப்பும் இருக்கட்டும் என்று 1872-ல் நியூயார்க்கில் தொடங்கியது இந்தச் சங்கம். ஆரம்பித்தவர்களில் ஒருவர் நாடக நடிகர், பில்லி ஃபிளாரன்ஸ். அரபு வேஷமும் ஆடம்பரப் பட்டங்களும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிந்திருக்கும். உறுப்பினரை 'நோபிள்' என்றும் தலைவரை 'பொட்டன்டேட்' என்றும் அழைப்பார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

சேர வேண்டுமானால் முதலில் மேசன் லாட்ஜில், அதாவது அவர்களுடைய உள்ளூர்க் கிளையில், மூன்று படிகளையும் முடித்திருக்க வேண்டும். அப்புறம் எந்த யூனிட் என்று கேட்பார்கள். கோமாளிகள், மோட்டார் சைக்கிள், பேண்டு வாத்தியம், குட்டிக் கார் என்று பல உண்டு. எனக்கு வாத்தியம் வராது, கோமாளி வேஷத்துக்குத் தைரியம் போதவில்லை. முழங்கால் மடங்காமல் போன ஒரு பெரியவர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு வாங்கிவிட்டேன்.

பார்க்கத்தான் கார். உள்ளே இருப்பது கோ-கார்ட் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் கூடு, பின்னால் புல் வெட்டும் இயந்திரத்தில் இருப்பது போன்ற ஐந்து குதிரைத்திறன் எஞ்சின். கியர் கிடையாது. ரிவர்ஸும் கிடையாது. பின்னால் போக வேண்டுமானால் இறங்கி, வாலைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். வசதிக்கு மதிப்பெண் பூஜ்யம். வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு தனியாக வந்துவிடும் போலிருக்கும், முன்னால் போகும் வண்டியின் புகை நேராக மூக்குக்கு வரும்.

இதன் உண்மையான வியாதி கிளட்ச். எஞ்சின் வேகம் ஏறினால்தான் அதன் கட்டைகள் விரிந்து போய்ப் பிடிக்கும். மெதுவாக ஊர்ந்தால் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்ந்து சூடாகிவிடும். ஊர்வலம் என்றாலே ஊர்வதுதானே! என் முதல் ஜூலை 4 (அமெரிக்கச் சுதந்திர தினம்) ஊர்வலத்தில், ஒரு பள்ளிப் பேண்டுக்குப் பின்னால் பயபக்தியோடு நத்தை வேகத்தில் போனேன். மூன்றாவது தெருவில் கருகிய வாடை வந்தது, வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த கோமாளிகள் உடனே காரைச் சூழ்ந்து, தொப்பியைக் கழற்றி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து ஒப்பாரி வைத்தார்கள். அப்புறம் கயிறு கட்டி என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று அதிகம் கைதட்டல் வாங்கிய நிகழ்ச்சி அதுதான். "அடுத்த வருஷமும் இதையே செய்வீங்களா?" என்று ஒரு பாட்டி விசாரித்தார்.

இடைவெளி விட்டு, பிறகு பாய்ந்து போய், வளைந்து திரும்பி வர வேண்டும் என்று அன்று மாலைதான் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டுப் போடுவது கூட்டத்துக்கு வேடிக்கை, கிளட்சுக்கு உயிர். ஊரில் லைசென்ஸுக்காக எட்டுப் போட்டபோது கால் ஊன்றிவிடுவேனோ என்று பயந்தவன் நான். இங்கே எதிரில் இன்னொரு நூறு கிலோ மனிதர் வருகிறார், நடுவில் ஒரு முழ இடைவெளிதான். கோடை முழுக்க செவ்வாய்க்கிழமை மாலைகளில் காலி பார்க்கிங் இடத்தில் பயிற்சி நடக்கும். இடிக்காத வாரம் குறைவு. ஃபைபர் கிளாஸ் ஒட்டும் வேலையில் நான் இப்போது பாதி நிபுணன்.

குளிர்காலம்தான் எனக்குப் பிடித்தது. முதல் வருடம் டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டேன். எத்தனால் கலந்தது, வசந்தத்தில் திறந்தால் கார்புரேட்டர் முழுக்கப் பிசின். ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் தன் கராஜில் வைத்து அதைப் பிரித்துக் காட்டினார். சுத்தம் செய்ய ஒரு மணி நேரம், பேசியது நாலு மணி நேரம். எனக்கு முழங்காலில் அறுவை நடந்த மாதம் வீட்டுப் புல் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் அவர்தான், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு. வந்ததை இருவரும் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

குறைகள் என்றால், மிட்டாய் எறிவது முன்பு போல இல்லை. குழந்தைகள் சக்கரத்தில் வந்து விழுவார்கள் என்று பல ஊர்களில் தடை, நடந்து போகிறவர்கள்தான் கையில் கொடுக்க வேண்டும். சரியான விதிதான், ஆனாலும் எறிந்த நாட்கள் நினைவுக்கு வரும். பெண்கள் உறுப்பினராக முடியாது. "என்னங்க, என்னை விட்டா உங்களை விட நல்லா ஓட்டுவேன்" என்கிறாள் மனைவி. அது உண்மையும்கூட. எனக்கு ஐம்பத்தொரு வயது. எங்கள் யூனிட்டில் நான்தான் சின்னப் பையன்.

ஷ்ரைனர்கள் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனைகளை நிறையப் பேருக்குத் தெரியும். முதலாவது 1922-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், போலியோ பாதித்த குழந்தைகளுக்காகத் திறந்தது. பணம் கட்ட முடியாவிட்டாலும் சிகிச்சை உண்டு. போன வருடம் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறுமி, என் தொப்பியைப் பார்த்ததும் தன் காலில் இருந்த பிரேஸைத் தட்டிக் காட்டினாள். நான் ஹாரன் அடித்தேன். அது வாத்து போலக் கத்தும்.

இந்த வசந்தத்தில் ஒருவர் சேர விரும்பி வந்தார், என்னை விட உயரம். காரில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து இரண்டு பேர் தூக்கினோம். நிமிர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"