ஐ-ட்ரீ கேனபி: தெருவின் மரநிழலை அளக்க ஓர் இலவசக் கருவி

நம் ஊர்களில் எத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன என்ற கணக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. முன்பிருந்த நிழலில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்குதான் கிடைப்பதில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் தாமாகவே இதைக் கண்டறிய உதவும் கருவிகளுள் நான் முதலில் பரிந்துரைப்பது, அமெரிக்க வனத்துறையும் மரப் பராமரிப்பு நிறுவனமான டேவி ட்ரீ உள்ளிட்ட அதன் கூட்டாளிகளும் உருவாக்கிய ஐ-ட்ரீ மென்பொருள் தொகுப்பின் ஓர் அங்கமான ஐ-ட்ரீ கேனபி. 2006-இல் முதன்முதலாக வெளியான இத்தொகுப்பைப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. கேனபி உலாவியிலேயே இயங்குவதால் எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை.

இது இயங்கும் விதம் எளிமையானது. வரைபடத்தில் உங்கள் பகுதியின் எல்லையை வரைந்துவிட்டால், அதற்குள் சமவாய்ப்பு முறையில் ஒவ்வொரு புள்ளியாகக் கருவி வைத்துக்கொண்டே போகும்; கூகுள் செயற்கைக்கோள் படத்தில் அப்புள்ளி விழுந்த இடம் மரமா, புல்லா, கூரையா, சாலையா, நீரா, வெறும் மண்ணா என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். 500 புள்ளிகளில் 75 மரத்தின் மேல் விழுந்திருந்தால், அப்பகுதியின் விதானப் பரப்பு, அதாவது மேலிருந்து பார்க்கையில் மரக்கிளைகளும் இலைகளும் மூடியிருக்கும் பரப்பு, 15 விழுக்காடு.

இக்கருவியின் மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம், அந்த 15-ஐ அது தனியாக நிற்கவிடாததுதான். அந்த எண் உண்மையிலிருந்து எத்தனை விழுக்காட்டுப் புள்ளி விலகியிருக்கக்கூடும் என்பதன் அளவான திட்டப் பிழையையும் பக்கத்திலேயே காட்டுகிறது. இந்த எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 1.6, நூறு புள்ளிகளோடு நிறுத்தியிருந்தால் 3.6 வரை போயிருக்கும், ஆயிரம் வரை பொறுமையாகப் பார்த்திருந்தால் 1.1-க்கு இறங்கியிருக்கும். இரண்டு ஆண்டுகளின் அளவீடுகளை ஒப்பிட்டு நிழல் குறைந்துவிட்டது என்று மாநகராட்சியிடம் வாதிட விரும்புவோர் 500-க்குக் கீழே நிறுத்தக் கூடாது.

சென்னை போன்ற நகருக்கு இதைப் பொருத்தும்போது சில இடர்ப்பாடுகள் எழுகின்றன. கருவி தானாகத் தரும் வகைகளில் மரமும் புதரும் ஒன்றாகவே இருக்கின்றன. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா உலர் பசுமைமாறாப் புதர்க்காடு என்பதால் அங்கே இந்தக் கலப்பு பெரிய தீங்கில்லை. ஆனால் புறநகர் ஏரிக்கரைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலமும், தெருவோரத்தில் பல தலைமுறையாக நிற்கும் தூங்குமூஞ்சியும் ஒரே மதிப்பைப் பெறுவது ஏற்கத்தக்கதல்ல. நல்லவேளையாக, வகைகளை நாமே வரையறுத்துக்கொள்ளலாம். சீமைக் கருவேலத்துக்கு ஒன்று, நிழல் மெலிந்த தென்னைக்கும் பனைக்கும் ஒன்று எனத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தையோ ஏரியையோ எல்லைக்குள் சேர்த்துவிட்டு மரம் குறைவு என்று வருந்துவதும் தவறு. அங்கே மரம் இல்லாதது குறையன்று. உயரமான அடுக்ககங்களின் நிழல் விழுந்த இடங்களிலும், இலையுதிர்ந்த பருவத்தில் எடுக்கப்பட்ட படங்களிலும் கண் ஏமாறும். ஐயமிருந்தால் கூகுள் எர்த்தின் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கரிம அளவையும் காற்றுத் தூய்மையையும் டாலர் மதிப்பாக்கித் தரும் பகுதியை மட்டும் நம்மவர்கள் விலக்கி வைக்க வேண்டும். அமெரிக்கத் தரவுகளின் மேல் எழுந்த அந்த மதிப்பீட்டை நம் வேம்புக்கும் புங்கைக்கும் அப்படியே சூட்டி மனுவில் எழுதினால், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஓர் அதிகாரி போதும், மனு முழுவதும் நம்பிக்கை இழக்க.

மரத்தின் உடல்நிலையையும் மேலிருந்து பார்க்கும் இக்கருவி சொல்லாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைப் போல எளிதில் சாயக்கூடிய, அடிமரம் வரை கான்கிரீட் பூசப்பட்டு வேர் நெரிக்கப்பட்ட மரமும் வானிலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும். அதற்கு அதே தொகுப்பிலுள்ள ஐ-ட்ரீ எக்கோ இருக்கிறது. ஆனால் இனம் அறிந்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமர விட்டம் அளந்து, உயரத்தையும் விதான அகலத்தையும் குறித்துக்கொள்ளக் களப்பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். தமிழில் இடைமுகம் இல்லாதது இரண்டிலுமே குறை. பள்ளிச் சூழல் மன்றங்களுக்குக் கொண்டு செல்ல அது பெருந்தடை.

நகர்க்காட்டியல் அறிஞர் செசில் கொனைனென்டைக் 2021-இல் முன்வைத்த 3-30-300 அளவுகோலின்படி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்கள் தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 விழுக்காடு விதானம் இருக்க வேண்டும், பூங்கா 300 மீட்டருக்குள் அமைய வேண்டும். நடுவிலுள்ள அந்த 30-க்கு நம் வார்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பகுதி சபைக் கூட்டத்தில் எண்ணோடு எழுப்ப ஐ-ட்ரீ கேனபி போதுமானது. வேலை முடிந்ததும் எல்லைக் கோப்பையும் திட்டக் கோப்பையும் உங்கள் கணினியிலேயே சேமித்து, சங்கத்தில் இன்னும் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். எல்லை சற்று மாறினாலும் அடுத்த அளவீட்டை இதனோடு ஒப்பிட இயலாது.