கண்ணுக்குச் சூடு ஒத்தடம் தரும் மாஸ்க்: வீட்டில் மைக்ரோவேவ் இருந்தால் தாராளமாக வாங்கலாம்

திருபுவனத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைத்துக்கொண்டே போகும்போது கண் இமைப்பதே குறைந்துவிடும். மதியத்துக்கு மேல் மண் விழுந்த மாதிரி உறுத்தும், வண்டியில் கும்பகோணம் போய் வந்தால் தண்ணீர் ஊற்றும், அறுப்பு சமயத்தில் நெல் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், இமையோரத்தில் அவ்வப்போது கட்டி வேறு.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் வறட்சி, இமையில் இருக்கும் மீபோமியன் சுரப்பிகள் அடைத்திருக்கின்றன என்றார். மேல் இமையில் மட்டும் ஏறக்குறைய 25 முதல் 40 வரை இருக்குமாம். அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீரின் மேல் படலமாக நின்று அதைக் காயவிடாமல் காக்கிறது. அது கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி எரியும், எரிச்சல் தாங்காமல்தான் தண்ணீர் வழிகிறது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் மாதிரிதான், சூடு பட்டால் இளகும்.

சரி, அதற்கு எதற்கு மாஸ்க், வெந்நீரில் துணியை நனைத்து வைத்தால் போதாதா என்று அம்மா கேட்டார். வைக்கலாம், பலன் இருக்கிறது. ஆனால் இமைக்குள் 40 டிகிரி அளவுக்காவது சூடு ஏறி ஐந்து முதல் பத்து நிமிடம் நிற்க வேண்டும், துணியோ இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுகிறது, மறுபடி மறுபடி நனைத்துப் பிழிய யாருக்குப் பொறுமை இருக்கிறது? உள்ளங்கையில் விரலைத் தேய்த்து ஒற்றுவது, நாமக்கட்டி உரைத்துப் போடுவது எல்லாம் நம் பக்கத்து வழக்கம்தான், ஆனால் அடைப்பு இளகும் அளவுக்கு விரல் சூடு நிற்காது, நாமக்கட்டியில் சூடே கிடையாது.

நான் வாங்கியது சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய துணி மாஸ்க். அந்த மணிகள் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தாமே இழுத்து வைத்துக்கொள்ளும், மைக்ரோவேவில் 20 விநாடி வைத்தாலே ஈரச்சூடாக வெளிவிடும். படுத்துக்கொண்டு போட்டால் பத்து நிமிடமும் சூடு சீராக நிற்கிறது, கொடுத்த பணம் இதற்கே தகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அதே நேரத்துக்குக் கூடுதலாகச் சுடுகிறது, அப்போது 15 விநாடியோடு நிறுத்திவிடுகிறேன். எந்தப் பருவமானாலும் மணிக்கட்டில் வைத்துப் பார்க்காமல் கண்ணில் வைக்காதீர்கள். இமைத் தோல் மிக மெல்லியது, புண்ணாகிவிடும். லென்ஸ் போடுபவர்கள் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், மாஸ்க்கை எடுத்ததோடு வேலை முடியவில்லை. இளகிய எண்ணெயை வெளியே கொண்டுவர வேண்டும்: கண்ணை மூடி, மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, முடி இருக்கும் விளிம்பை நோக்கி விரலால் மெதுவாக நீவ வேண்டும், விழியை அழுத்தக் கூடாது. இதை விட்டுவிட்டு 'மாஸ்க் ஒன்றுக்கும் உதவவில்லை' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தினமும் செய்ய வேண்டும், வாரக்கணக்கில். எனக்கு மெல்ல மெல்லத்தான் உறுத்தல் குறைந்தது, கட்டி வருவதும் அரிதாகிவிட்டது. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைகள்? தலையில் மாட்டும் பட்டை சீக்கிரமே தளர்ந்துவிட்டது, உட்கார்ந்தபடி போட்டால் நழுவுகிறது. ஒரு தடவை சூடாக்கினால் நன்றாக ஆறும்வரை மறுபடி மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. புயல் மழையில் கரண்ட் போனால் மைக்ரோவேவுக்கு வழியில்லை, வெந்நீர்த் துணிதான். மைக்ரோவேவே இல்லாதவர்கள் இதற்காக அதை வாங்க வேண்டாம், துணியையே நாலைந்து முறை மாற்றி மாற்றி வையுங்கள்.

கண் சிவந்து வலித்தாலோ, சீழ் பிடித்தாலோ, பார்வை மங்கினாலோ மாஸ்க்கை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவும் வேண்டாம், வீட்டில் இரண்டு பேருக்குத் தொல்லை என்றால் இரண்டாக வாங்கிவிடுங்கள்.