இழுபறியில் நிற்கும் டிஎன்ஏ ரிசல்ட்: எந்தக் கூடுதல் மார்க்கரைக் கேட்பது?

அப்பா யார் என்று பார்க்கும் டிஎன்ஏ டெஸ்டில், அவர் உயிரோடு இருந்தால் பெரிய குழப்பம் வராது. டெஸ்டில் பார்ப்பது மார்க்கர்களை, அதாவது டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் குறிப்பிட்ட இடங்களை; ஒவ்வொன்றிலும் அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று என்று இரண்டு எண் வரும். அபூர்வமாக டிஎன்ஏ மாறி இறங்கும் சடுதிமாற்றத்தை விட்டுவிட்டால், ஒவ்வொரு மார்க்கரிலும் பிள்ளையின் இரண்டு எண்ணில் ஒன்று அவரிடம் இருந்தே தீர வேண்டும். அவர் காலமான பிறகுதான் சிக்கல். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வயல் பங்குக்காக மூத்த தாரத்து மகளும் இளைய தாரத்து மகளும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அப்பாவுக்குப் பிறந்திருந்தாலும், எந்த மார்க்கரை எடுத்தாலும் அவருடைய இரண்டு பிரதிகளில் அதே ஒன்று இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு பாதிதான். அதனால் பொருந்தவில்லை என்று தள்ளவும் முடியாது, பொருந்திவிட்டது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வழக்கமான 15, 20 எஸ்டிஆர் மார்க்கரில் (ஒரு சிறு டிஎன்ஏ துணுக்கு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுவது) 'முடிவு கூற இயலவில்லை' என்று அறிக்கை வருவது பெரும்பாலும் இந்த மாதிரி உறவுகளில்தான்.

இந்த இடத்தில் நான் முதலில் கேட்பது மார்க்கரை அல்ல, அம்மாவை. டி21எஸ்11 என்ற மார்க்கரில் பிள்ளைக்கு 29, 31.2, அப்பா என்று சொல்லப்படுகிறவருக்கு 29, 30. பார்த்தால் 29 பொருந்துகிறது. அம்மாவையும் சோதித்து அவருக்கு 28, 29 என்று வந்தால் கதை மாறிவிடும்: 29 அம்மா கொடுத்தது, 31.2-ஐ அப்பாதான் கொடுத்திருக்க வேண்டும், அது இவரிடம் இல்லை. ஒரே மார்க்கர்தான், ஒரு ஆள் கூடியதும் பொருத்தம் முரணாகிவிட்டது. அம்மா உயிரோடு இருக்கும்போது அவரை விட்டுவிட்டு மார்க்கரைக் கூட்டிக்கொண்டே போவது வீண் செலவு.

ஒய் குரோமோசோமில் இருக்கும் ஒய் மார்க்கர் ஆண்களுக்கு மட்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்கும், அதனால் இறந்தவரின் தம்பியைச் சோதித்தே அந்த ஆண்வழியா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்பா அண்ணனா தம்பியா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. தாத்தா வழிச் சொக்காரர் எல்லாருக்கும் ஒரே ஒய்தான். 17 மார்க்கருக்குப் பதில் 27 போட்டாலும் பெரும்பாலும் அண்ணன் தம்பியைப் பிரிக்க முடியாது.

இரண்டு மகள்கள் என்றால் எக்ஸ் குரோமோசோம் மார்க்கர்தான் என் தேர்வு. அப்பாவுக்கு ஒரே எக்ஸ், அதைத்தான் எல்லா மகளுக்கும் முழுசாகக் கொடுக்கிறார். ஆகவே ஒரே அப்பா என்றால் ஒவ்வொரு எக்ஸ் மார்க்கரிலும் ஒரு எண்ணாவது ஒத்துப்போகணும். நாலைந்து இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் விஷயம் முடிந்தது. அப்பாவைப் பெற்ற ஆச்சி இருந்தால் அவரையும் பேத்தியையும் இதே முறையில் ஒப்பிடலாம். 12 மார்க்கர் என்று எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், அவை நான்கு கொத்துகளாகச் சேர்ந்தே இறங்குகின்றன, அதனால் 12 தனித்தனிச் சாட்சிகள் ஆகாது.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் இருக்கும் டிஎன்ஏ தாய்வழியை மட்டும் காட்டும், அப்பா யார் என்ற வழக்கில் உதவாது.

கடைசியில் எஸ்என்பி, அதாவது டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் மாறும் இடங்கள். லட்சக்கணக்கான இடங்களைப் படித்து, இருவரும் எத்தனை நீளத் துண்டுகளைப் பகிர்கிறார்கள் என்று பார்ப்பதால் அப்பா மட்டும் ஒன்றான சகோதரிகளையும் உறவே இல்லாதவர்களையும் தெளிவாகப் பிரித்துவிடும். தனிப்பட்ட முறையில் தெரிந்துகொள்ள இதுதான் பலமானது. கோர்ட்டுக்கு என்றால் எஸ்டிஆர் அறிக்கை பழகிய பாதை, அதோடு எக்ஸ் அல்லது ஒய்யைச் சேர்ப்பதே நல்லது.

அப்புறம், நம்ம பக்கத்தில் மறக்கவே கூடாத ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், சில வீடுகளில் அக்காள் மகளையே கட்டுவது, அக்காள் இறந்தால் தங்கையைக் கட்டிவைப்பது எல்லாம் உண்டு. அந்த இரண்டு மகள்களின் அம்மாக்கள் கூடப்பிறந்தவர்கள் என்றால், அம்மா வழியில் வந்த ஒற்றுமையும் அப்பா கணக்கில் ஏறிவிடும், எக்ஸிலும்தான். பெற்றோருக்குள் இரத்த உறவு இல்லை என்று வைத்துத்தான் வழக்கமான கணக்கு போடப்படுகிறது. வெட்கப்படாமல் சாம்பிள் கொடுக்கும்போதே யார் யாருக்கு என்ன முறை என்று வரைந்து கொடுங்கள், எந்த இரண்டு உறவை (ஒரே அப்பாவின் மகள்களா, உறவே இல்லாதவர்களா என்பது போல) எதிரெதிரே வைத்து வாய்ப்பு விகிதம் போட்டார்கள் என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.