டி.எல்.எட்., பி.எட்., நான்காண்டுப் படிப்பு: கொங்குப் பகுதி மாணவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கோபியிலும் தாராபுரத்திலும் ராசிபுரத்திலும் ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது: எந்தப் படிப்புக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு கட்டணம், வேலை கிடைக்குமா. இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் பயிற்சிக் காலத்தில் உண்மையான வகுப்பறை முன் எத்தனை வாரம் நிற்கப்போகிறோம், எந்தப் பள்ளியில், யாருடைய கண்காணிப்பில் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒருவரை ஆசிரியராக உருவாக்குவது அதுதான் என்று நான் உறுதியாக நம்புவதால், இந்த வழிகளை அந்த அளவுகோலை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய தொடக்கக் கல்விப் பட்டயம், அதாவது டி.எல்.எட்., இரண்டு ஆண்டுப் படிப்பு. பட்டம் இல்லாத படிப்பு என்று பல குடும்பங்கள் இதை இரண்டாம் தரமாக நினைக்கின்றன. அந்த எண்ணம் தவறு. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். போதுமான தகுதி அல்ல என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சிறு குழந்தைகளுக்குப் பாடம் நடத்த விரும்புகிறவர் பட்டப்படிப்பு முடித்து பி.எட். சேர்ந்து, பின்னர் தொடக்கப் பள்ளிக்கு வரலாம் என்று திட்டமிடுவதில் பொருளே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுப்படி அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். அப்படியானால் ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கிராமமோ அந்தியூர் பக்கத்துக் கிராமமோ, ஈராசிரியர் பள்ளியின் அன்றாடம் இதுதான். தொடக்க வகுப்புகளுக்காக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, ஒரே அறையில் மூன்று குழுக்களுக்கும் வெவ்வேறு வேலை கொடுத்து நடத்த வேண்டும். ஒரு குழு எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு குழு சத்தமாகப் படிக்கும். மூன்றாவது குழுவில் யார் சும்மா இருக்கிறார்கள் என்பதையும் ஆசிரியர் ஓரக்கண்ணால் பார்த்தாக வேண்டும். பி.எட். பாடத்திட்டம் இதற்காக உருவானதல்ல. திருமூர்த்தி நகரிலும் பெருந்துறையிலும் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இதற்காகவே இருப்பவை. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் அங்கேயே பயிற்சி நடப்பதால், அந்த நிறுவனங்களுக்கும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் இடையே ஏற்கெனவே போக்குவரத்து உண்டு. பயிற்சி மாணவருக்கு இது பெரிய அனுகூலம்.

பி.எட். படிப்பு பட்டதாரிகளுக்கு உரியது. ஆறாம் வகுப்புக்கு மேல் தம் பாடத்தை ஆழமாகக் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கான வழி. ஒரே ஆண்டில் முடிந்துகொண்டிருந்த இப்படிப்பு, ஆசிரியர் கல்வி பற்றி ஆராய்ந்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் இரண்டு ஆண்டாக நீண்டது. நீட்டியதன் பெரும் பயன், பள்ளியில் இருக்கும் காலம் குறைந்தது இருபது வாரமாக ஆனதும், அந்தப் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகைப்பதிவு கட்டாயமானதும்தான். டி.எல்.எட். படிப்புக்கும் அதே இருபது வாரம் உண்டு. ஆக, விதிப்புத்தகத்தில் இரண்டும் சமம். நடைமுறையில் அந்த வாரங்கள் எங்கே கழிகின்றன என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. மாணவர் கல்லூரிக்கே வராமல் பதிவேட்டில் மட்டும் வந்துபோகும் நிறுவனங்களைப் பற்றி ஊரறியும். அங்கே பெறும் சான்றிதழ் முதல் வேலை நாளன்றே கைகொடுக்காமல் போகும்.

பயிற்சிப் பள்ளியாக இப்பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் இரு வகை: அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று, மெட்ரிக் பள்ளி மற்றொன்று. மெட்ரிக் பள்ளியில் வசதிகள் அதிகம், கால அட்டவணை பிசகாது, பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு வருவார்கள். ஆனால் தேர்ச்சி விழுக்காட்டை நம்பி இயங்கும் பள்ளி, குறிப்பாக நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் வழியைப் பின்பற்றும் பள்ளி, முக்கிய வகுப்புகளைப் பயிற்சி ஆசிரியரின் கையில் தர எளிதில் இசையாது. கடைசியில் அவருக்குக் கிடைப்பது விடைத்தாள் திருத்தலும் வரிசை ஒழுங்குபடுத்தலும்தான். அரசுப் பள்ளியிலும் குறை இல்லாமல் இல்லை. ஆசிரியர் விடுப்பு எடுத்தால், “ஏழாம் வகுப்பைக் கொஞ்சம் பாத்துக்கங்க மிஸ்” என்று பயிற்சி ஆசிரியரை அனுப்பிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அப்படி அனுப்பும் நாள்களில் வழிகாட்டி ஆசிரியர் இல்லாமலேயே பாடம் நடக்கிறது. இருந்தும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அரசுப் பள்ளியைத்தான் சொல்வேன்.

காரணத்தை ஒரு வகுப்பை வைத்தே காட்டலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில், பயிற்சி ஆசிரியை ஒருவர் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினார். பாடக்குறிப்பு நேர்த்தியாக இருந்தது, அட்டையில் வட்டங்களை வெட்டி வண்ணம் தீட்டிக் கொண்டுவந்திருந்தார். வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இருந்தனர். நடு வரிசையில் இருந்த ஒரு பையனின் அம்மா பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறவர். நூறு பீஸுக்கு இவ்வளவு கூலி என்றால் முப்பது பீஸுக்கு எவ்வளவு என்று கேட்டால் அவன் மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். ஆனால் கரும்பலகையில் இருந்த பத்தில் மூன்றை அவன் கடைசிவரை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். பின்பெஞ்சில் இருந்து கவனித்த கணித ஆசிரியை பாடம் முடிந்தபின் சொன்னது இரண்டே வாக்கியம்: “கண்ணு, அவனுக்குக் கணக்குத் தெரியும், நீ எழுதுன முறைதான் தெரியல. நாளைக்குக் கூலியில இருந்து ஆரம்பி.” மறுநாள் அவ்வாறே தொடங்கினார், வட்டங்கள் பிறகு வந்தன. இப்படிப்பட்ட திருத்தம் எந்த விரிவுரையிலும் கிடைக்காது. வழிகாட்டி ஆசிரியர் பாடம் முழுவதும் உடன் இருந்ததால்தான் அது கிடைத்தது.

நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் பட்டமும் பி.எட்.டும் ஒன்றாகவே முடிவதால் ஓர் ஆண்டு மிச்சம். பாட அறிவும் கற்பித்தலும் முதல் ஆண்டிலிருந்தே பின்னிப் போகும் என்பது இதன் உண்மையான பலம். மைசூரில் 1963இல் தொடங்கப்பட்ட மண்டலக் கல்வி நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி வைத்திருக்கும் அந்நிறுவனத்தில் தென்மாநில மாணவர்கள் சேரலாம். தாளவாடிக்காரருக்கு அது கோவையைவிட அந்நியமான ஊரும் அல்ல. ஆனால் பதினேழு வயதில் ஆசிரியப் பணியே என்று முடிவு செய்துவிட்டவருக்குத்தான் இந்த வழி பொருந்தும். மனம் ஊசலாடுகிறவர்கள் முதலில் நல்ல கல்லூரியில் பட்டம் படிக்கட்டும். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களுக்காக வகுக்கப்பட்டது. புதியவர்களுக்கு அது மாற்று வழி அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஆசிரியர் தகுதித் தேர்வு நிற்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க முதல் தாள், ஆறு முதல் எட்டு வரை கற்பிக்க இரண்டாம் தாள். ஒவ்வொன்றும் 150 மதிப்பெண்ணுக்கான கொள்குறி வினாக்கள். தமிழ்நாட்டில் 2012இல் முதன்முறை நடந்த இத்தேர்வின் சான்றிதழ் தொடக்கத்தில் ஏழு ஆண்டுதான் செல்லும். 2021இல் அது ஆயுள் முழுமைக்குமாக ஆனது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், இதைத் தள்ளிப்போடுவது இனி யாருக்கும் இயலாது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றி முப்பது வினாக்கள் உண்டு என்றாலும், ஒருவர் வகுப்பறையில் எப்படி நிற்கிறார் என்பதை இத்தேர்வு பார்ப்பதே இல்லை. அதனால்தான் தேர்வுப் பயிற்சி மையத்துக்குப் போவதற்காகப் பள்ளிப் பயிற்சி வாரங்களைக் குறைத்துக்கொள்ளும் மாணவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேர்வை மறுமுறை எழுதலாம். அனுபவமுள்ள ஒருவர் பின்பெஞ்சில் அமர்ந்து நம் பாடத்தைக் கவனிக்கும் வாய்ப்பு வேலைக்குப் போனபின் அநேகமாக வராது.

ஆகவே கல்லூரியில் சேரும் முன் முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள்: எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், வாரத்தில் எத்தனை பாடவேளை நீங்களாக நடத்தினீர்கள், கல்லூரிப் பேராசிரியர் எத்தனை முறை நேரில் வந்து பார்த்தார், ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர என்ன சொன்னார். கடம்பூர், பர்கூர், தாளவாடி மலைகளிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகளில் பலர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள்; அவர்களின் பேச்சு அறிந்த பயிற்சி ஆசிரியர் அங்கேயே பயிற்சி பெறுவது பள்ளிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. ஆனால் பேராசிரியர் போய்வரத் தொலைவு என்று கல்லூரிகள் பெரும்பாலும் சத்தியமங்கலத்துக்குக் கீழேயே இடம் போட்டுவிடுகின்றன. பள்ளிகளின் பட்டியல் முதன்மைக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக்குப் போகும் முன்பே, உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரை எழுதிக் கல்லூரியில் கொடுத்துவிடுங்கள்.