ஜூனுக்கு ஒன்று, ஆகஸ்டுக்கு ஒன்று: சிஸ்ஸிங்ஹர்ஸ்டும் கிரேட் டிக்ஸ்டரும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தோட்டங்களில், லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை எவை என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் முதலில் வந்து நிற்கும். ஒன்று கென்ட் மாவட்டத்தின் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்; மற்றொன்று அதற்குத் தெற்கே, சாலை வழியே சுமார் 20 கிலோமீட்டரில், ஈஸ்ட் சசெக்ஸின் நார்தியம் என்ற சிற்றூரை ஒட்டியுள்ள கிரேட் டிக்ஸ்டர். இரண்டுமே பழங்காலக் கட்டடங்களைச் சுற்றி, மதில்களாலும் யூ மர உயிர்வேலிகளாலும் அறை அறையாகப் பிரித்து அமைக்கப்பட்டவை. இரண்டுமே செடி வளர்ப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவர்களின் வீட்டுத் தோட்டங்கள். ஆனாலும் ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைப் பார்த்ததாகாது. ஒன்றை மட்டுமே பார்க்க நேரமுள்ளவர் முதலில் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் ஜூன் மாதத்துத் தோட்டம். எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவருடைய கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930-இல் வாங்கியபோது, எலிசபெத் காலத்து மாளிகை ஒன்றின் இடிந்த மிச்சங்களும் உயரமான செங்கல் கோபுரமும்தான் அங்கே இருந்தன. நேர்கோடுகள், நீண்ட நடைபாதைகள், அவற்றின் முடிவில் கண்ணை நிறுத்தும் ஒரு சிலை என்று கட்டுக்கோப்பான வரைபடத்தைக் கணவர் போட்டார். அந்தக் கோடுகளே மறையும்படி மனைவி செடிகளை நிறைத்தார். கோபுரத்தின் உச்சிக்கு ஏறிக் கீழே பார்த்தால் இந்த இருவர் கைவண்ணமும் தனித்தனியாகத் தெரியும் என்பதால், படியேற முடிந்தவர்கள் தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஏறிவிடுவது நல்லது.

இங்குள்ள பழைய ரோஜா வகைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே முறை, ஜூன் மாதத்தில் பூத்து, ஜூலைத் தொடக்கத்தில் ஓய்ந்துவிடுபவை. அந்தச் சில வாரங்களுக்கான வேலை குளிர்காலத்திலேயே நடந்து முடிந்திருக்கும். ஹேசல் குச்சிகளை வில்போல வளைத்து மண்ணில் ஊன்றி, ரோஜாவின் நீண்ட கிளைகளைத் தாழ்த்தி அவற்றோடு கட்டிவிடுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனி மொட்டுதான் ஓங்கி வளரும். படுக்க வைத்த கிளையிலோ கணுவுக்குக் கணு தளிர்விட்டு, அடியிலிருந்து நுனிவரை பூக்கும். இலைகளை விலக்கிப் பார்த்தால் அந்தக் குச்சிகளும் கட்டுகளும் இன்னும் அப்படியே இருப்பதைக் காணலாம். பெரும்பாலும் வெள்ளைப் பூக்களையே வைத்து அமைத்த, புகழ்பெற்ற வெள்ளைத் தோட்டம் சற்றுத் தாமதமாக உச்சத்தைத் தொடும். அதன் நடுவிலுள்ள இரும்புப் பந்தலை முழுதாக மூடிப் படர்ந்திருக்கும் வெள்ளை ரோஜா ஜூலை முதல் வாரங்களில் பூக்கும்போது, அதைக் காண வருபவர்களின் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கக்கூட இடமிருக்காது.

1962-இல் விட்டா இறந்தார். 1967-இல் தோட்டம், பழமையான இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது. அதற்குப் பின் நெடுங்காலம் அது தேவைக்கு அதிகமாகச் சீர்செய்யப்பட்டு, ஒரு காட்சிப் பொருளைப் போல இருந்தது என்ற குறை உண்டு. அண்மை ஆண்டுகளில் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி, விட்டா காலத்து ரோஜா வகைகளைத் தேடிப்பிடித்து மீண்டும் நட்டிருக்கிறார்கள். இருந்தாலும், ஆகஸ்டில் போகிறவருக்கு ரோஜாக்கள் இருந்த இடங்களில் இலைகளே மிஞ்சும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிரேட் டிக்ஸ்டர் அந்த ஆகஸ்டில்தான் களைகட்டுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு மர வீட்டை 1910-இல் நத்தேனியல் லாயிட் வாங்கினார். புது தில்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்டியன்ஸ் அதை விரிவுபடுத்தித் தோட்டத்துக்கும் அமைப்பு வகுத்தார். ஆனால் டிக்ஸ்டரை டிக்ஸ்டராக்கியவர் நத்தேனியலின் கடைசி மகன் கிறிஸ்டோபர் லாயிட். ரோஜாவை ஒன்று சேர்த்து நட்டு, அதற்கென ஒரு தோட்டம் வைக்கும் வழக்கத்தில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரே மண்ணில் பல ஆண்டுகள் ரோஜாவே இருந்துவிட்டால் புதுக் கன்றுகள் அங்கே தேறுவதில்லை என்பது தோட்டக்காரர்கள் அறிந்ததே. 1990-களின் தொடக்கத்தில், எழுபதைத் தாண்டிய வயதில், லட்டியன்ஸ் வகுத்த ரோஜாத் தோட்டத்தையே பெயர்த்தெடுத்துவிட்டு, அங்கே வாழையும் கல்வாழையும் டேலியாவும் நட்டார். மரபை மதிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். இன்றைக்கு ஆகஸ்ட் இறுதியில் அந்த அறைக்குள் நுழைபவருக்கு, தலைக்கு மேல் உயர்ந்த இலைகளுக்கு நடுவே வழி தேடுவதே வேலையாகிவிடும். நம் கொல்லைப்புறத்து வாழையைக் காண இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தமிழ் வாசகர் கேட்கலாம். உறைபனி விழும் ஊரில் குளிர்காலம் முழுவதும் அதற்குப் போர்வை கட்டிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை எண்ணினால் அந்த வாழையின் மீதும் ஒரு மரியாதை பிறக்கும்.

லாயிட் 2006-இல் மறைந்த பிறகும் இந்தத் தோட்டம் உறைந்து நிற்கவில்லை. அவரோடு பணியாற்றிய ஃபெர்கஸ் காரெட், நீண்ட பூப்பாத்தியில் புதரையும் பல்லாண்டுச் செடியையும் ஓராண்டுச் செடியையும் கொடியையும் கலந்து, ஓய்ந்ததை அகற்றிப் புதியதை நட்டுக்கொண்டே இருக்கிறார். தானாக விழுந்து முளைத்த செடியைக்கூடப் பொருந்தினால் விட்டுவைக்கிறார்கள். என் தேர்வு டிக்ஸ்டர்தான். அதே சமயம் ஒழுங்கையும் அமைதியான வண்ணங்களையும் எதிர்பார்த்துச் செல்பவர், இளஞ்சிவப்பின் பக்கத்தில் ஆரஞ்சு நிற்பதைக் கண்டு முகம் சுளிக்கலாம்.

போக்குவரத்தில் சிஸ்ஸிங்ஹர்ஸ்டுக்கே வசதி அதிகம். லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ஸ்டேபிள்ஹர்ஸ்டுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ போதும். டிக்ஸ்டருக்குக் கார் இருந்தால்தான் நிம்மதி. சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலுடனோ வருபவர்களுக்கு இரண்டிலும் சிரமமான இடங்கள் உண்டு. டிக்ஸ்டரின் குறுகிய, மேடுபள்ளமான கல்பாதைகளில் அது இன்னும் கூடுதல். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை சிஸ்ஸிங்ஹர்ஸ்டில் செல்லும். டிக்ஸ்டர் தனி அறக்கட்டளையின் கீழ் இருப்பதால் அங்கே செல்லாது. கார் வைத்திருப்பவர்கள் ஜூலையின் முற்பகுதியில் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். காலையில் டிக்ஸ்டர் திறந்ததும் அதைப் பார்த்துவிட்டு, சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பத் தொடங்கும் பிற்பகலில் சிஸ்ஸிங்ஹர்ஸ்டுக்குப் போனால் வெள்ளைத் தோட்டத்தில் நின்று பார்க்க இடம் கிடைக்கும். திங்கட்கிழமையை மட்டும் தவிர்க்க வேண்டும். பொது விடுமுறையாக இருந்தாலொழிய அன்று டிக்ஸ்டர் திறப்பதில்லை.