ஒரு வாளித் தண்ணீருக்குள் அடங்கும் தூண்டில் சாமான்: சில வருட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்திலேயே மூன்று விதமான தண்ணீர் கிடைத்துவிடும். விளவங்கோடு வட்டாரம் முழுக்கக் குளங்கள், அவற்றில் வரால். திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் கூடி, குழித்துறை வழியாக இறங்கி வருகிற தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிற பொழிமுகம் இரண்டாவது. அங்கே கொடுவாயும் செம்பல்லியும் கிடைக்கும். பூவார், நெய்யாற்றின்கரை நண்பர்கள் காளாஞ்சி என்பது இந்தக் கொடுவாயைத்தான். மூன்றாவது, நீரோடி வரைக்கும் கடலரிப்புக்காகப் போட்டிருக்கும் கற்களும், தூண்டில் வளைவு என்கிற, கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளும். பாறை மீனும் சீலாவும் அங்கேதான்.

மூன்று தண்ணீருக்கு மூன்று வகைச் சாமான் என்று ஆரம்பித்தது. அப்புறம் ஒவ்வொன்றிலும் கனமானது, லேசானது என்று இரண்டாகப் பிரிந்தது. திருவனந்தபுரம் போய்வரும்போதெல்லாம் ஒரு லூராவது (செயற்கை இரை) பையில் வரும். ராடுகள் மூலையில் கட்டாக நின்றன. ரீல்கள் அட்டைப்பெட்டியோடு அலமாரியில் இருந்தன. லூர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். அதையெல்லாம் குறைத்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. எது தங்கியது, தங்கியது எப்படி உழைத்தது, எது இல்லாமல் போனதில் குறை தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலோரக் காற்றில் தூண்டில் சாமான் அலமாரியில் இருந்தாலும் கெடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். பொழிமுகத்தில் போட்ட ஒரு லூரை அப்படியே பெட்டியில் திருப்பி வைத்து மூடினால், அதிலிருக்கும் உப்பும் ஈரமும் பெட்டி முழுக்கப் பரவும். தண்ணீரையே பார்க்காத பக்கத்து லூரின் முள்ளும் துருப்பிடிக்கும். என் பெட்டி ஒன்றைத் திறந்தபோது வெள்ளை மின்னோ (சிறுமீன் வடிவ லூர்) ஒன்றின் வயிற்றில் முள்ளின் வடிவம் அப்படியே பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. தேய்த்தும் போகவில்லை. மென்பிளாஸ்டிக் மீன்கள் இருந்த அறை இன்னும் மோசம். அவற்றில் பல, பிவிசி பிளாஸ்டிக்கில் அதை மென்மையாக்கும் எண்ணெய் சேர்த்துச் செய்தவை. டிபிஇ என்கிற வேறு ரகமும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் வெயில் காலத்தில் இளகி ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும்.

அதனால் மீன் வகையையோ கம்பெனியையோ விலையையோ வைத்துக் குறைக்கவில்லை. உப்புநீருக்குப் போய்வந்த அன்று இரவு, ஒரு வாளி நல்ல தண்ணீரில் என்னால் கழுவித் துடைத்துக் காயவைக்க முடிந்த அளவு மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்று வைத்தேன். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலை ஒட்டிய சில வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவிப் பிரயோஜனமில்லை. இந்த ஒரு கணக்கு வந்ததும் மற்ற முடிவுகள் தானாக வந்தன. எதை வைப்பது என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். எதைக் கழுவத் தயாராக இருக்கிறேன் என்று கேட்டால் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

முதலில் ரீல். இந்தக் குறைப்பில் எனக்கு அதிகமாகப் பலன் கொடுத்தது இதுதான். வெவ்வேறு அளவில், வெவ்வேறு கம்பெனியில் இருந்தவை எல்லாம் போய், ஒரே மாடலில் 4000 அளவு ரீல் இரண்டு மட்டும் வைத்தேன். நூல் சுற்றும் ஸ்பூல்கள் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றில் பிஇ 2 பிரெய்ட் (பின்னல் நூல், பிஇ எண் கூடினால் தடிமன் கூடும்) பொழிமுகத்துக்கும் கடலோரத்துக்கும், இன்னொன்றில் பிஇ 4 குளத்து வராலுக்கு. தாமரை, ஆகாயத்தாமரைக்குள் புகுந்த வராலை இழுத்தெடுக்க மெல்லிய பிரெய்ட் ஆகாது. ஒரு ரீல் மக்கர் பண்ணினால் ஸ்பூலைக் கழற்றி மற்றதில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். பேரிங், கைப்பிடி, பெயில் ஸ்பிரிங் எதுவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். விலை அதிகமான ஒரு ரீலைவிட நடுத்தர விலையில் ஒரே மாதிரி இரண்டு வாங்குவது நம் கடலோரத்துக்கு நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இத்தனை காலத்தில் இரண்டிலும் முதலில் போனது லைன் ரோலர் பேரிங்தான். நூல் உப்புத் தண்ணீரோடு நேராக வந்து உரசுகிற இடம் அது. ரோலர் சுற்றாமல் நின்றுவிட்டால் பிரெய்ட் அதன்மேல் அறுத்துக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. போய்வந்த பிறகு விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவது வழக்கமானதும் அந்தத் தொல்லை குறைந்தது. ரீலை மட்டும் வாளிக்குள் முக்கக் கூடாது. டிராகை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கிவிட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து மேலே ஓடவிட்டால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்த பிறகு டிராகைத் தளர்த்தி நிழலில் வைக்க வேண்டும். இறுக்கியபடியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர் அழுந்தி, அடுத்த முறை மீன் ஓடும்போது வெட்டி வெட்டித்தான் நூல் விடும்.

ராடும் இரண்டுதான். எட்டடியில் ஒன்று, 10 முதல் 40 கிராம் வரை வீசுகிற ரகம். குளத்துக்கு ஏழடியில் விறைப்பான ஒன்று. எட்டடி ராடில் நுனியிலிருந்து இரண்டாவது வளையத்தின் பீங்கான் உள்வட்டம் விரிசல் விட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். பிரெய்ட் ஓரிடத்தில் பஞ்சுபஞ்சாக வரவே, வளையம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பஞ்சைச் சுழற்றிப் பார்த்தேன். இழை எதில் மாட்டியதோ அதில்தான் விரிசல். அந்த வளையத்தை மாற்றினேன், ராடு இன்னும் ஓடுகிறது. ராடு பலதாக இருந்த காலத்தில் இது தெரிய வந்திருக்காது. வேறொன்றை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

லூர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆழமான ஏரிகளுக்கென்று செய்த, நீளமான வாய்த்தகடு வைத்த கிராங்க்பெய்ட்கள் முதலில் போயின. நம் குளங்களிலும் பொழிமுகத்திலும் அவை நேரே போய்ச் சேற்றைக் கிளறும், அல்லது வலைத் துண்டில் மாட்டும். அடுத்துப் போனது நிறங்கள். ஒரே மின்னோ பல நிறங்களில் இருந்தது. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் ஆறு கலங்கித்தான் இருக்கும். கலங்கலில் மீனுக்கு நிறத்தைவிட உருவமும் அதிர்வும்தான் முக்கியம். பக்கக்கோட்டு உறுப்பால் தண்ணீரின் அசைவை உணர்ந்துதான் அது திரும்புகிறது. தெளிந்த தண்ணீருக்கு ஒரு வெள்ளி நிறம், கலங்கலுக்கு ஒரு கறுப்போ அடர் பச்சையோ போதும் என்று வைத்தேன். அதனால் மீன் குறைந்ததாகச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

தங்கியவற்றில் முதல் இடம் நான்கு அங்குல மென்பிளாஸ்டிக் மீனுக்கு. கூடவே 10, 14, 21 கிராம் ஜிக் ஹெட், அதாவது தலையில் எடை வைத்த முள். நீரோட்டத்தைப் பார்த்து எடையை மாற்றினால் போதும், மீனை மாற்ற வேண்டியதில்லை. பாலத்துத் தூண் ஓரம் தரையைத் தொட்டுத் தொட்டு வரும்போது கொடுவா எடுப்பது இதைத்தான். ஒற்றை முள் என்பதால் கழுவுவது சுலபம், மீன் வாயிலிருந்து எடுப்பதும் சுலபம். கொடுவா ஆணாகப் பருவமடைந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிதாக வருவதில் பெரும்பாலும் பெண்தான் இருக்கும். பெரியதைத் திருப்பி விடுகிற பழக்கம் எனக்கு உண்டு, அதற்கு இந்த ஒற்றை முள் பெரிய உதவி.

மிதக்கும் பால்சா மர மின்னோ ஒன்றும் இருக்கிறது, ராபாலா. பின்லாந்தில் லௌரி ராபாலா 1936ல் முதன்முதலாகச் செதுக்கியபோது தக்கையில் செய்து, சாக்லேட் காகிதத்தைச் சுற்றினாராம். இன்றைக்கும் அதன் நடை மாறவில்லை. மெதுவாகச் சுற்றினாலே அடிபட்ட மீன் மாதிரி தள்ளாடும். குறை என்னவென்றால் எடையே இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இதை எதிர்க்காற்றில் வீசினால் காலடியிலேயே விழும். சீலா பல் பதிந்து மேற்பூச்சு உடைந்தால் மரம் தண்ணீர் குடித்து உப்பிவிடும். அதனால் காற்றில்லாத அந்தி நேரத்துக்கும் ஆற்றுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

மற்றபடி 12 சென்டிமீட்டர் மூழ்கும் மின்னோ இரண்டு, பாறை மீனுக்கு விடியற்காலையில் தண்ணீர்மேல் சத்தம் போட்டு வருகிற ஒரு பாப்பர், தூரமாக வீச 40 கிராம் உலோக ஜிக், குளத்துக்குத் தவளை உருவ லூர் இரண்டு. தவளைக்குப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. உள்ளே போன தண்ணீரைப் பிதுக்கி எடுத்தால் போதும். வரால் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குஞ்சுக் கூட்டத்தை, நாங்கள் பார்ப்பு என்போம், தாயும் தகப்பனும் காவல் காத்துக்கொண்டு திரியும்போது அதன்மேல் தவளையைப் போட்டால் உடனே அடிக்கும். அது பசிக்கு அடிப்பதில்லை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. தயவுசெய்து அந்தக் குளத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்.

மின்னோக்களில் வந்த ட்ரெபிள், அதாவது மூன்று முனை முட்களை மாற்றி ஒற்றை முள் போட்டேன். இங்கே கவனிக்க வேண்டியது எடை. புது முள் பழையதைவிட லேசாகவோ கனமாகவோ இருந்தால் லூரின் நடை கெடும். தொட்டித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கழுவும்போது முள் முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். நகத்தில் பிடித்தால் கூர் இருக்கிறது. வழுக்கிப் போனால் அரம் அல்லது குப்பை.

பிரெய்ட் நுனியில் கட்டுகிற லீடருக்கு 40 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் ஒரே சுருள். கொடுவாயின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி, சன்னமான லீடரை ஒரு உதறலில் அறுத்துவிடும். பிரெய்டோடு சேர்க்க எஃப்ஜி முடிச்சு. பழகக் கொஞ்சம் நாளாகும், ஆனால் வளையங்களில் தட்டாமல் ஓடும்.

கழிந்த சாமான் எங்கே போனது என்று கேட்பீர்கள். ரீல்கள் நெய்யாற்றின்கரை நண்பருக்கு விற்றேன். ராடுகளும் நல்ல நிலையில் இருந்த லூர்களும் பாலத்தில் தினமும் நிற்கும் பையன்களுக்கு. ஈயக்குண்டுகள் இரையுமன்துறையில் கைத்தூண்டில் போடும் பெரியவருக்கு. பழைய தங்கூசி (நைலான் நூல்) சுருள்களையும் அவரிடம் காட்டினேன். "மக்கா, பார்த்தா தெரியாது. ஒரு முழம் எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்துப் பாரு. வெளுத்துதுன்னா நம்பாத" என்றார். பெரும்பாலானவை வெளுத்தன. நைலானுக்கு வெயில் ஆகாது. அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் போட்டேன். முழுசாக எறிந்தால் அது போய்ச் சேருவது நீர்க்காகத்தின் காலிலோ கொக்கின் இறக்கையிலோதான்.

குறை தெரிந்த இடம் ஒன்று உண்டு. காற்று அதிகமான நாட்களில் கல்லில் நின்று வீச 40 கிராம் ஜிக் போதவில்லை. 60 கிராம் ஒன்று வாங்கினேன், அதற்குப் பதிலாக பெட்டியிலிருந்து ஒரு மின்னோவை எடுத்துவிட்டேன். எட்டடி ராடுக்கு 60 கிராம் அதிகம்தான். முழு வேகத்தில் சுழற்றாமல், தொங்கவிட்டு நிதானமாகத் தள்ளினால் தாங்குகிறது. ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும்போது கல் பக்கமே போவதில்லை. அந்த மாதங்களில் ஏழடி ராடும் தவளையும்தான்.

பிரெய்ட் பாதி நிறம் போய்விட்டது. இந்த வருடம் அவிழ்த்துத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறேன். அடியில் கிடந்து தண்ணீரையே பார்க்காத பாதி இப்போது மேலே வந்துவிட்டது, புது நூல் மாதிரியே ஓடுகிறது. ஸ்பூலில் நேராகப் பிரெய்டைச் சுற்றினால் வழுக்கும், அதனால் அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். அடுத்த மழைக்காலம் வரை இது தாங்கும். அதற்குள் லைன் ரோலர் பேரிங் இரண்டும், பிஇ 2 பிரெய்ட் 200 மீட்டரும் வாங்க வேண்டும்.