வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை: கேட்டால் எடுத்துக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது?

அபார்ட்மெண்ட் குரூப்பில் தண்ணி லாரி பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒரு ஃபார்வர்டைத் தட்டிவிடுவார்: "வாட்ஸ்அப் இனிமே நம்ம மெசேஜ் எல்லாத்தையும் படிக்குமாம் சார்." அதோடு தண்ணி லாரி மறந்துபோகும். ஒருவர் டெலிகிராம்தான் சேஃப் என்பார். இன்னொருவர், நம்ம ஊர் ஸோஹோவின் அரட்டை ஆப் இருக்கும்போது வெளிநாட்டுக் கம்பெனி எதுக்கு என்பார். சிக்னலுக்குப் போகலாம் என்று சொல்ல ஒருவர் இருப்பார், அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைசியாக ஒரு பெரியவர், "நம்மகிட்ட மறைக்க என்னங்க இருக்கு" என்று முடித்து வைப்பார்.

இதில் கண்டுகொள்ளப்படாத அந்த சிக்னல்காரர் பக்கம்தான் நான். ஆனால் அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். சிக்னலின் என்கிரிப்ஷன், அதாவது மெசேஜை வெளியார் படிக்க முடியாதபடி பூட்டும் முறை, வலுவானது என்பார். வாட்ஸ்அப்பில் ஓடுவதும் அதே சிக்னல் புரோட்டோகால் என்ற பூட்டு முறைதான். 2016 ஏப்ரலிலேயே எல்லாப் பயனாளர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். பூட்டை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நான் கேட்கும் கேள்வி வேறு. நாளைக்கு போலீஸோ, கோர்ட்டோ, விளம்பரப் பிரிவோ, ஒரு ஹேக்கரோ அந்த நிறுவனத்திடம் போய் நின்றால், எடுத்துக் கொடுக்க அங்கே என்ன இருக்கும்?

முதலில் மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எடுத்துக்கொள்வோம். எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருந்தால் அனுப்புகிறவர் போனிலும் பெறுகிறவர் போனிலும் மட்டுமே சாவி இருக்கும். நடுவில் உள்ள சர்வரால் படிக்க முடியாது. ஆகவே "வாட்ஸ்அப் படிக்குது" என்ற ஃபார்வர்ட், உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் நடக்கும் பேச்சைப் பொறுத்தவரை பொய். இரண்டு விலக்குகள் உண்டு. வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் மெட்டா ஏஐ-யைக் கூப்பிட்டு நீங்கள் கேட்கும் கேள்வி, வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குத்தான் போகிறது. கடைக்கோ வங்கிக்கோ அனுப்பும் மெசேஜை அந்த நிறுவனத்தின் ஊழியர்களும், அது வைத்திருக்கும் மென்பொருள்களும் பார்க்கலாம். இதைத் தாண்டி, மெட்டா ஏஐ தானாகவே எல்லா குரூப்பையும் படிக்கிறது என்று 2025-இல் சுற்றிய கதைக்கு ஆதாரம் இல்லை.

டெலிகிராம் இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. நம்மூரில் அதற்கு இருக்கும் "ரகசிய ஆப்" என்ற பெயர் எப்படி வந்தது என்றே புரியவில்லை. அதில் சாதாரணமாக நடக்கும் எந்த சாட்டும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் இல்லை. எல்லாம் அவர்கள் சர்வரில், அவர்கள் சாவியோடு இருக்கிறது. வேண்டுமென்றால் ஒருவரின் புரொஃபைலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, "ஸ்டார்ட் சீக்ரெட் சாட்" என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவரும் ஆன்லைனில் வந்தால்தான் அது தொடங்கும். இருவருக்குள் மட்டும்தான், குரூப்புக்கு அந்த வசதியே கிடையாது. எத்தனை பேர் இதைச் செய்து பார்த்திருப்பார்கள்?

நிறுவனர் பாவெல் துரோவ் யாருக்கும் பணியாதவர் என்பதுதான் டெலிகிராமின் விளம்பரமே. 2024 ஆகஸ்டில் பாரிஸ் அருகே விமான நிலையத்தில் அவரைக் கைது செய்தார்கள். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் ஐபி முகவரியையும் (இணையத்தில் ஒரு கருவியின் அடையாள எண்) போன் நம்பரையும் கொடுப்போம் என்று நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. குற்றவாளியைப் பிடிக்கக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கொடுக்க அவர்களிடம் அது எப்போதும் இருந்தது என்பதுதான் விஷயம். இது போக, வெளியே திருடப்பட்ட தகவல்கள் கைமாறும் சந்தையாகவும் டெலிகிராம் இருக்கிறது. 2023 ஜூனில் ஒரு போன் நம்பரைத் தட்டினால் தடுப்பூசி போட்டவரின் விவரத்தைக் கொட்டும் பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) ஒன்று அங்கேதான் உலாவியது. 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ ரிப்போர்ட் உட்பட, டெலிகிராம் பாட்களில் வந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று.

சரி, வாட்ஸ்அப்பும் சிக்னலும் எங்கே பிரிகின்றன? மெட்டாடேட்டாவில். என்ன பேசினீர்கள் என்பது அல்ல. யாரிடம், எப்போது, எவ்வளவு அடிக்கடி, எந்த ஊரிலிருந்து, எந்தெந்த குரூப்பில் என்பது. காலையில் ஒருவர் புற்றுநோய் மருத்துவருக்கு மெசேஜ் அனுப்புகிறார், பத்து நிமிஷத்தில் அண்ணனுக்கு, அப்புறம் காப்பீட்டு ஏஜெண்டுக்கு, சாயங்காலம் ஒரு வக்கீலுக்கு. ஒரு வார்த்தை கூடப் படிக்க வேண்டாம், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த மாதிரி விவரத்தில் கணிசமான பகுதி வாட்ஸ்அப்பிடம் சேர்கிறது. அதை வைத்திருப்பது, விளம்பரத்தில் பிழைக்கும் மெட்டா.

சிக்னலிடம் இதைக் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று விசாரிக்கும் நடுவர் குழு), இரண்டு போன் நம்பர்களைக் கொடுத்து, இவர்களைப் பற்றி உள்ளதையெல்லாம் தா என்று சம்மன் அனுப்பியது. அதில் ஒரு நம்பருக்கு சிக்னல் கணக்கே இல்லை. இன்னொன்றுக்கு அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக சர்வரோடு தொடர்பில் வந்த நாள். பெயர், தொடர்புகள், குரூப், யாரிடம் பேசினார் என எதுவும் இல்லை. அவர்கள் மறுக்கவில்லை, வீரம் பேசவில்லை, இருந்ததைக் கொடுத்தார்கள். 2018-இல் ஒரு மெசேஜை அனுப்பியது யார் என்பதையே சர்வருக்குக் காட்டாத வசதியையும் சேர்த்தார்கள். என் கேள்விக்கு இந்த நாலில் எனக்குக் கிடைத்த நேரான பதில் இதுதான்.

வாட்ஸ்அப் மேல் நம்பிக்கை போனதற்கு என்கிரிப்ஷன் காரணமே அல்ல. 2014-இல் பேஸ்புக் (இன்றைய மெட்டா) அதை வாங்கியது. 2016-லேயே பயனாளர் விவரங்களைப் பேஸ்புக்கோடு பகிரத் தொடங்கியது. 2021 ஜனவரியில், பிப்ரவரி 8-க்குள் புது விதிகளை ஒத்துக்கொள், இல்லாவிட்டால் ஆப் இல்லை என்ற தோரணையில் திரையில் நோட்டீஸ் வந்தபோதுதான் ஜனங்களுக்கு உறைத்தது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால் வேறு விதி, நமக்கு வேறு விதி. இந்தியப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து சமாதானம் சொன்னார்கள், கெடுவை மே மாதத்துக்குத் தள்ளினார்கள். 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அதே விதிமாற்றத்துக்காக மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2017-இல் வெளியேறி, அடுத்த வருடம் 5 கோடி டாலர் போட்டு சிக்னல் அறக்கட்டளை தொடங்கத் துணை நின்றார். கட்டியவரே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு விஷயத்தில் வாட்ஸ்அப்புக்கு நியாயம் செய்தாக வேண்டும். ஒரு மெசேஜை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டின் ஐடி விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது அவர்கள்தான். என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024-இல் அவர்கள் வக்கீல் கோர்ட்டில் சொன்னார். விளம்பரக் கம்பெனிதான், ஆனாலும் இந்த வழக்கை நமக்காக நடத்த வேறு யாரும் பெரிதாக வரவில்லை.

பேக்கப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். வாட்ஸ்அப் மெசேஜ் போகும் வழியில் பூட்டியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அதன் நகல் கூகுள் கணக்குக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது, நீங்களாகப் போய் ஆன் செய்யாத வரை அந்தப் பூட்டு இல்லை. 2021-இலிருந்து வசதி உண்டு: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் கீழே எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் இருக்கும். பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். அதைத் தொலைத்துவிட்டால் பேக்கப்பும் போச்சு, வாட்ஸ்அப்பாலும் மீட்க முடியாது. பயமாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் மட்டும் ஆன் செய்தாலும் அரைப் பயன்தான், எதிர்முனையில் இருப்பவரும் செய்திருக்க வேண்டும்.

சிக்னலின் குறைகள் சின்னவை அல்ல. அங்கே போனால் ஆளே இல்லை. இது ஒன்றே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும். சேர இன்னும் போன் நம்பர் வேண்டும், 2024-இல் யூசர்நேம் வந்த பிறகும். போன் உடைந்தால் பழைய பேச்செல்லாம் போய்விடும் என்ற நிலை பல காலம் இருந்தது; கிளவுட் பேக்கப் 2025-இல்தான் வந்தது. நன்கொடையில் ஓடும் நிறுவனம், அதன் செலவோ வருடத்துக்கு 5 கோடி டாலரை நெருங்குவதாக அவர்களே கணக்குக் காட்டியிருக்கிறார்கள். 2025 அக்டோபரில், சிக்னல் நம்பியிருக்கும் அமேசானின் கிளவுட் சேவை விழுந்த அன்று சிக்னலும் தடுமாறியது. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு எந்த என்கிரிப்ஷனும் பொறுப்பாகாது.

இனி அரட்டை. சென்னையைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2021-இல் கொண்டுவந்த ஆப். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்திய அமைச்சர்களே சிபாரிசு செய்ய, ஆப் ஸ்டோரில் முதலிடத்துக்கு ஏறியது. மலிவான போனிலும், நெட் திணறும் இடத்திலும் ஓடும். மீட்டிங் வசதி உள்ளேயே இருக்கிறது. விளம்பரத்துக்காகத் தகவலை விற்பதில்லை என்று ஸோஹோ பல வருடங்களாகச் சொல்லி வருகிறது, அந்த நிறுவனத்தின் வருமானமும் சந்தாவில்தான் வருகிறது என்பதால் எனக்கு அதை நம்பக் காரணம் உண்டு. இந்த ஒரு அம்சத்தில் மெட்டாவை விட மேல். ஆனால் லட்சக்கணக்கில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அழைப்புகளுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருந்தது, சாதாரண மெசேஜுக்கு இல்லை. விமர்சனம் கிளம்பிய பிறகு, முதலில் தனிப்பட்ட உரையாடல்களுக்குக் கொண்டுவந்தார்கள். சிக்னலைப் போல நிரல் வெளியே எல்லோரும் பார்க்கும்படி இல்லை.

"நம்ம ஊர்க் கம்பெனி" என்பது பெருமைக்குச் சரி. என் கேள்விக்கு அது இரண்டு பக்கமும் வெட்டும். தப்பு நடந்தால் சென்னையிலேயே வழக்குப் போடலாம், ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசியில் இருக்கிறார். அதே நேரம், தகவலை இடைமறித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் ஐடி சட்டத்தின் 69-ஆம் பிரிவில் ஒரு உத்தரவு வந்தால், அது கலிபோர்னியா வரை போக வேண்டியதில்லை. ஸோஹோ நேர்மையான நிறுவனமாக இருக்கலாம். சட்டத்தை மதிக்கும் நிறுவனமும்தான், மதித்தால் கொடுத்தாக வேண்டும். 2025 டிசம்பரில், போன் திருட்டையும் மோசடியையும் புகார் செய்ய அரசு நடத்தும் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புது போனிலும் போட்டே விற்க வேண்டும் என்று வந்த உத்தரவு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் வாபஸ் ஆனது. ஆப் கெட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. கேட்காமல் உள்ளே வருவதைத்தான் ஜனங்கள் ஏற்கவில்லை. அரட்டையைச் சுற்றியும் அந்தத் தயக்கம் இருக்கும், அதைப் போக்குவது ஸோஹோவின் கையில் மட்டும் இல்லை.

இத்தனை அலசலும் ஜெராக்ஸ் கடையில் பல்லிளித்துவிடும். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கும், முந்தைய ஆளின் சாதிச் சான்றிதழ் திரையில் தெரியும். பிரிண்ட் வந்ததும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். படம் டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது, இரண்டே நாளில் அரசு அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றது. முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை இறக்கி அனுப்பலாம், பல இடங்களில் அது போதும். பிரிண்ட் எடுத்ததும் "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" கொடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இறக்கிச் சேமித்த நகலை அது தொடாது. அதனால் அண்ணே, அந்த ஃபைலையும் அழிச்சிடுங்க என்று அங்கேயே நின்று கேட்டுவிடுவது நல்லது. எந்த ஆப் என்பதை விட இது பெரிய வித்தியாசம் செய்யும்.

அம்மாவையும் சித்தப்பாவையும் சிக்னலுக்கு இழுக்கப் பார்க்காதீர்கள், வர மாட்டார்கள். குடும்பம் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும், அவர்கள் போனை வாங்கி பேக்கப்புக்குப் பூட்டு மட்டும் போட்டுவிடுங்கள், பாஸ்வேர்டை டைரியில் எழுதி வையுங்கள். வக்கீல், மருத்துவர், வேலையிடத்துப் புகார், பத்திரிகைக்காரரோடு பேச்சு என்றால் சிக்னல், மறையும் மெசேஜை ஒரு வாரத்துக்கு வைத்து. சங்கக் கூட்டம், கடை ஊழியர் குரூப் போன்றவற்றுக்கு அரட்டை தாராளமாகப் போதும். குரூப்புக்கும் பூட்டு போட்டு, பாதுகாப்பைப் பரிசோதித்த வெளியாரின் அறிக்கையையும் காட்டினால் வக்கீல் பேச்சை அங்கே நடத்தலாமா என்று யோசிப்பேன். டிஎன்பிஎஸ்சி குறிப்பும் பெரிய பிடிஎஃப்பும் இறக்க டெலிகிராமை அடிக்க ஆளில்லை. ஆனால் இரண்டு லட்சம் பேர் வரை சேரக்கூடிய குரூப்பில் உட்காரும் முன், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் போன் நம்பரை "நோபடி" என்று மாற்றிவிடுங்கள்.